முதல் கரையாத நிதி: சிறு தொண்டு அமைப்புகள் இணைக்கொடையால் மூலநிதி சேர்க்கும் வழி

கடலூர் முதுநகரில் 40 பிள்ளைகள் படிக்கும் ஒரு மாலைநேரப் பாடசாலைக்கு நான் பொருளாளர். இரண்டு ஆசிரியைகளுக்கு மாதம் ரூ.5,000 வீதம் மதிப்பூதியம், ரூ.3,000 வாடகை, மின்கட்டணம், நோட்டு, நாளிதழ் எல்லாம் சேர்ந்து ஆண்டுச் செலவு ரூ.1,80,000 ஆகிறது. இதற்காகச் சித்திரை பிறந்ததும் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதே வீடுகளின் படியேறுவதும், பாதித் தொகை சேர்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதும் எங்களுக்கு வழக்கமாகவே இருந்தன. நன்கொடை வாங்கி அந்தந்த ஆண்டே செலவழித்துவிடும் அமைப்பு எதற்கும் இதுதான் நிலை. இதிலிருந்து ஓரளவேனும் மீள்வதற்கான வழி மூலநிதி. ஆடிட்டர்கள் அதைக் கார்பஸ் என்பார்கள். முதலைத் தொடாமல் வங்கியில் வைத்து, அதில் வரும் வட்டியை மட்டும் ஆண்டுதோறும் செலவிடுவது அதன் இலக்கணம்.

கருத்து நமக்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விடப்பட்டதாகவும், அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டியதாகவும் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். ஆடுகள் சாகும், கிழடாகும். ஆனால் ஈன்ற குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினார்கள். இன்று நாம் வைப்புநிதியாக வங்கியில் போடுவதும் அந்த 96 ஆடுகளைத்தான்.

பெருந்தொகையை ஒருவரே தரும் காலம் அரிது. ‘ஊரார் 1 ரூபாய் தந்தால் நானும் 1 ரூபாய் தருகிறேன்’ என்று ஒருவரோ ஒரு குடும்பமோ முன்வருவது அதைவிட எளிது. மேட்சிங் கிராண்ட் என்று சொல்லப்படும் இந்த ஏற்பாட்டை இங்கே இணைக்கொடை என்று குறிப்பிடுகிறேன். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லில்லி என்டோமென்ட் என்னும் அறக்கட்டளை 1990-இல் இதே முறையைக் கையாண்டு, மாவட்டம்தோறும் சமூக அறக்கட்டளைகள் தத்தம் ஊர்ப் பணத்தால் மூலநிதி சேர்க்கத் தூண்டியது. நம் ஊர் அளவுக்கு அதைச் சுருக்கிச் செய்யும்போது எங்கெங்கே வழுக்கும் என்பதை, நாங்கள் வழுக்கிய இடங்களையும் சேர்த்து, கீழே எழுதுகிறேன்.

எவ்வளவு தேவை என்று கணக்கிடுதல்

முழுச் செலவையும் வட்டியே தாங்க வேண்டும் என்று தொடங்காதீர்கள். எது நின்றால் அமைப்பே நின்றுவிடுமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது வாடகையும் ஓர் ஆசிரியையின் மதிப்பூதியமும், ஆண்டுக்கு ரூ.96,000.

பதிவு பெற்ற அறநிறுவனம் தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும், மீதி 15 விழுக்காட்டைக் காரணம் சொல்லாமலே சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்பது வருமானவரிச் சட்டத்தின் விதி. அந்த 15 விழுக்காட்டை ஒதுக்கி வைப்பதானால், 7 விழுக்காடு வட்டி கிடைத்தாலும் அதில் செலவுக்குரியது 5.95 விழுக்காடுதான். ரூ.96,000-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ ரூ.16 லட்சம் வருகிறது. ஊரார் ரூ.8 லட்சம், இணைக்கொடையாளர் ரூ.8 லட்சம் என்பது எங்கள் இலக்கானது இப்படித்தான்.

இத்துடன் கணக்கு முடிவதில்லை. விலைவாசி ஏறுவதால் இன்றைய ரூ.16 லட்சம் பத்தாண்டு கழித்து இதே வாடகையைக் கட்டாது. எங்கள் வட்டி வருமானம் ரூ.1,12,000, அதனுடன் வழக்கமான நன்கொடை ரூ.1,00,000 சேர்த்தால் மொத்தம் ரூ.2,12,000. இதில் 85 விழுக்காடு ரூ.1,80,200 என்பதால் ஏறக்குறைய முழுச் செலவும் அதில் அடங்குகிறது, மீதி ரூ.31,800-ஐ மூலநிதிக்குப் பக்கத்திலேயே வைப்பாகப் போடலாம். அது ரூ.16 லட்சத்துக்கு ஏறத்தாழ 2 விழுக்காட்டு வளர்ச்சி. விலைவாசியை ஈடுகட்ட இது போதாதென்றாலும், ஒன்றும் சேர்க்காமல் இருப்பதைவிட மேல். இப்படிச் சேர்த்து வைப்பது சட்டப்படி மூலநிதி ஆகாது என்பதால் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) அதைத் தனி வரியில் காட்ட வேண்டும்.

இணைக்கொடையாளரைத் தேடுதல்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நெய்வேலியிலும் சிப்காட்டிலும் உள்ள நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது சமூகப் பொறுப்புக்காக அவை ஒதுக்கும் பணம். மூலநிதிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது: 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, எந்த அமைப்பின் கார்பஸுக்குத் தரும் பணமும் சி.எஸ்.ஆர். செலவாக ஏற்கப்படாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் அதே ஆண்டு தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் அந்த நிறுவனங்களை முற்றிலும் விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டாண்டு நடைமுறைச் செலவை ஒரு நிறுவனம் திட்டச் செலவாக ஏற்றுக்கொண்டால், அந்த இரண்டாண்டும் ஊராரிடம் வாங்கும் பணத்தை முழுமையாக மூலநிதிக்குத் திருப்பிவிட முடியும்.

‘நமக்கு நாமே’ திட்டத்தையும் சிலர் கேட்கிறார்கள். பொதுமக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும் அந்தத் திட்டம் இணைக்கொடையின் நல்ல முன்மாதிரிதான். ஆயினும் அது கட்டடம், சாலை, நீர்நிலை போன்ற பணிகளுக்கானதே அன்றி வைப்புநிதிக்கானது அன்று.

மற்றோர் அறக்கட்டளை இணைக்கொடை தர முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்திலிருந்து இன்னொன்றின் மூலநிதிக்குத் தரும் தொகை, தருபவரின் 85 விழுக்காட்டுச் செலவுக் கணக்கில் சேராது. இதை அறியாமல் வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவர்களுடைய ஆடிட்டர் தடுப்பதால் பின்வாங்குவது நடக்கக்கூடியது. முதல் சந்திப்பிலேயே இதை நீங்களே எடுத்துச் சொல்லி, அவர்களுடைய ஆடிட்டரைக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஆகக் கூடி, நம் பகுதியில் நடைமுறைக்கு ஒத்துவருபவர்கள் தனிமனிதர்களும் குடும்பங்களும்தான். பெற்றோர் நினைவாக ஆண்டுதோறும் அன்னதானம் செய்யும் குடும்பம், மணிவிழாவுக்கு மண்டபச் செலவைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்யும் பழைய மாணவர் ஆகியோரிடம் ‘உங்கள் பணம் ஊரார் பணத்தையும் இழுத்து வரும்’ என்று சொல்லிப் பாருங்கள். வெறும் நன்கொடை கேட்கும்போது காட்டாத ஆர்வத்தை இதில் காட்டுவார்கள்.

நிபந்தனைகளை எழுதிக்கொள்ளுதல்

வாய்ச்சொல்லாக வைக்காமல் ஒரு பக்க உடன்படிக்கையாக எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது. விகிதத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசத் தேவையில்லை. டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்னும் பொருளியலாளர்கள் அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட பழைய கொடையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இணைக்கொடை உண்டு என்று குறிப்பிட்ட கடிதங்களுக்கு வரவு 19 விழுக்காடு கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்றாலும், ஒன்றுக்கு மூன்று என்றாலும் பலனில் வேறுபாடு காணப்படவில்லை. இது அமெரிக்கக் கடிதங்களின் கணக்கு என்பதை மறக்க வேண்டியதில்லை என்றாலும், ஒன்றுக்கு ஒன்று என்பதோடு நின்றுகொள்வதற்கு எனக்கு இது போதுமான காரணமாகவே படுகிறது. கொடையாளர் இரு மடங்கு தர முன்வந்தால், அந்தக் கூடுதல் பணத்தை அடுத்த சுற்றுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

விகிதத்தைவிடக் கவனிக்க வேண்டியது, இணைக்கொடை எப்போது கைக்கு வரும் என்பது. முழு இலக்கும் எட்டினால்தான் தருவேன் என்னும் நிபந்தனையை ஏற்றால், ரூ.8 லட்சத்தில் ரூ.7 லட்சம் சேர்ந்த நிலையில் காலக்கெடு முடிந்து ஒன்றும் வராமல் போகலாம். ஊரார் பணம் ஒவ்வொரு லட்சமாக வங்கிக் கணக்கில் ஏற ஏற, 15 நாளுக்குள் அவரும் ஒரு லட்சம் செலுத்துவது என்று படிப்படியாக வைத்துக்கொள்ளுங்கள். வாக்குறுதிகள் கணக்கில் சேரா. வங்கியில் ஏறிய பணம் மட்டுமே சேரும் என்பதையும் அதில் எழுதுங்கள். அவருடைய பங்கும் மூலநிதிக்கே என்பது, அமைப்பு கலைந்தால் நிதி ஒத்த நோக்கமுள்ள வேறு எந்த அறநிறுவனத்துக்குப் போகும் என்பது, பெயர்ப்பலகை வேண்டுமா என்பது ஆகியவை அதே தாளில் இருக்கட்டும். பெயர்ப்பலகைப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளினால் மனக்கசப்பில் முடியும் என்பது என் அனுபவம்.

காலக்கெடுவைத் தை முதல் நாளில் தொடங்கிப் பங்குனிக்குள் முடியுமாறு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரிலும் புதுச்சேரியிலும் எவரிடமும் நிதி கேட்க முடியாது. புயல் வந்தால் அனைவருடைய கையும் நிவாரணத்துக்கே போகும், போகவும் வேண்டும். மேலும் வரிச்சலுகைக்காகக் கொடுப்பவர்கள் மார்ச் மாதத்தில்தான் பையைத் திறக்கிறார்கள்.

இன்னொன்று: ஆண்டுதோறும் தருபவரிடம் அந்தப் பணத்தையே மூலநிதிக்குக் கேட்டுவிடாதீர்கள். இணைக்கொடை என்றதும் அவர்கள் உற்சாகமாக மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆடி மாதம் ஆசிரியைக்குச் சம்பளம் இராது. வழக்கமான நன்கொடையை முதலில் ரசீது போட்டு வாங்கிக்கொண்டு, அதற்கு மேற்பட்டதையே மூலநிதிக்குக் கேட்க வேண்டும்.

கொடையாளரின் கடிதம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பகுதியை வையுங்கள். ஒரு நன்கொடை மூலநிதியாவது நம் தீர்மானத்தால் அன்று, கொடுப்பவரின் எழுத்தால். ‘இது மூலநிதிக்கு’ என்று அவர் எழுத்தில் தெரிவித்திருந்தால்தான் அந்தத் தொகை 85 விழுக்காட்டுக் கணக்கிலிருந்து விலகி நிற்கும். அந்த எழுத்து இல்லையெனில் ரூ.16 லட்சமும் அந்த ஆண்டின் வருமானமாகிவிடும், ரூ.1,80,000 செலவுள்ள அமைப்பு ரூ.13,60,000-ஐ எப்படிச் செலவழிக்கும்?

எங்கள் முதல் முயற்சியில் நடந்தது இதுதான். நான் வைத்திருந்தது ‘நன்கொடையாகப் பெற்றுக்கொண்டோம்’ என்று அச்சிட்ட பழைய ரசீதுப் புத்தகம். 31 பேர் கொடுத்தார்கள். கடிதம் கொடுத்தவர் 9 பேர். ஒருவர் காசோலையின் பின்புறம் ‘பிள்ளைகளின் சிற்றுண்டிக்கு’ என்று அன்போடு எழுதியிருந்தார். ஆடிட்டர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது கார்பஸ் இல்லை, வடைக்காசு” என்றார். இணைக்கொடை தருவதாகச் சொன்னவரும் கடிதம் உள்ள 9 பேரின் தொகைக்கு ஈடாக மட்டுமே கொடுத்தார். அவர் மீது குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது ரசீதுக்கு முன்பே ஒரு கடிதத்தை அச்சிட்டு நீட்டுகிறோம்: ‘இத்துடன் நான் வழங்கும் ரூ.……, தங்கள் அறக்கட்டளையின் மூலநிதியின் பகுதியாக நிலையாக வைக்கப்பட வேண்டும் என்றும், அதிலிருந்து வரும் வருமானம் மட்டுமே அறக்கட்டளையின் நோக்கங்களுக்குப் பயன்படுத்தப்பட வேண்டும் என்றும் இதன்மூலம் தெரிவிக்கிறேன்.’ கீழே பெயர், முகவரி, பான் எண், காசோலை அல்லது பரிமாற்ற எண், தேதி, கையெழுத்து. தேதி பணம் தந்த நாளாகவோ அதற்கு முந்தியதாகவோ இருக்க வேண்டும். செலவாகாமல் மிஞ்சிய பழைய நன்கொடைக்கு இப்போது கடிதம் வாங்கி ஒட்டுவது செல்லாது. ரசீதிலும் ‘மூலநிதி’ என்னும் சொல் தனிக் கட்டத்தில் அச்சாகட்டும்.

80ஜி என்று எல்லோரும் அழைக்கும் வரிச்சலுகை மூலநிதிக் கொடைக்கும் உண்டு. ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, தொகையில் பாதி கொடையாளரின் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். ஆனால் புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு அது கிடையாது, ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது. கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். மே 31-க்குள் 10பிடி படிவத்தில் கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்கு 10பிஇ சான்று வரும். இந்த எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குரியவை. அதன் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், புதிய பிரிவு எண்களையும் படிவ எண்களையும் ஆடிட்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உண்டியல் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பெயர் தெரியாக் கொடைக்கு ஓர் அளவுக்கு மேல் 30 விழுக்காடு வரி உண்டு.

புதுச்சேரிக்கென்று ஒரு சிக்கல்

கடலூரிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில், வேறெங்கும் அவ்வளவாகத் தலைகாட்டாத ஒரு கேள்வி எழுகிறது. 1962 ஆகஸ்ட் 16-இல் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் உள்ளன. ‘சொல்தா’ என்று ஊரார் அழைக்கும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தமிழில் பேசி, தமிழில் அழுது, தமிழ்க் கோயில்களுக்குத் தேர் இழுப்பவர்கள். முத்தியால்பேட்டையில் அப்படி ஒரு பெரியவர் ரூ.1,10,000-க்குக் காசோலை எழுதித் தந்தார். வெளிநாட்டவர் பணத்தைப் பெறத் தேவையான வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு எங்களுக்கு இல்லை என்று விளக்கித் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “தம்பி, நான் பிறந்தது இந்தத் தெருவுல. பென்ஷன் வர்றது இந்த ஊரு பேங்க்குல. என் காசு எப்படிப்பா வெளிநாட்டுக் காசாச்சு?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சட்டத்தின் பதில் தெளிவானது. எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் அந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பார்ப்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதையோ எந்த நாணயம் என்பதையோ அன்று, தருபவரின் குடியுரிமையை. பிரெஞ்சுக் குடிமகன் இந்திய ரூபாயில், உள்ளூர் வங்கிக் காசோலையாகத் தந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அப்படியே. மறுதலையாக, துபாயில் இருபதாண்டு வாழ்ந்தும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. எனவே கடிதத்தில் ‘நான் இந்தியக் குடிமகன்/குடிமகள்’ என்று ஒரு வரியும், வெளிநாட்டில் இருப்பவரானால் கடவுச்சீட்டின் நகலும் இருக்கட்டும். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்புகள்கூட அந்தப் பணத்தைப் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற முடியும் என்பதால், ஊரார் நிதியோடு கலக்காமல் தனிச் சுற்றாக நடத்துவதே சரி.

பணத்தை எங்கே வைப்பது

மூலநிதியை அதற்கென்றே தனியாக, வருமானவரிச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் வைக்க வேண்டும். வங்கி வைப்பு, அரசுப் பத்திரம், பரஸ்பர நிதி அலகுகள் ஆகியவை அனுமதிக்கப்பட்டவை. சீட்டு, தெரிந்தவரிடம் வட்டிக்குக் கொடுப்பது, தங்கம் ஆகியவை கூடா. நிர்வாகக் குழுவில் யாரேனும் ஒருவர் ‘மாதம் ஒன்றரை வட்டி தருகிறார்கள்’ என்று ஒரு நிதி நிறுவனத்தைக் காட்டுவார். கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் மறுப்பைப் பதிவு செய்துவிடுங்கள். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு ரூ.5 லட்சம் வரைதான் என்பதால் ரூ.16 லட்சத்தை நான்கு வங்கிகளில், வெவ்வேறு முதிர்வுத் தேதிகளில் பிரித்து வைத்திருக்கிறோம். வட்டியில் வங்கி முன்கூட்டியே வரி (டி.டி.எஸ்.) பிடித்திருந்தால், ஐ.டி.ஆர்.-7 என்னும் வருமானவரிப் படிவத்தைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்; அந்தப் பணம் வரச் சில மாதங்கள் ஆகும் என்று வரவுசெலவுத் திட்டத்திலேயே இடம் விட்டு வையுங்கள்.

முதலுக்கு வரும் பெரிய ஆபத்து நல்லெண்ணம்தான். 2011-இல் ‘தானே’ புயல், 2015-இல் வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று நம் கரையைத் தேடி வரும் இடர்களின்போது, கண்ணெதிரே பிள்ளைகளின் வீட்டில் தண்ணீர் நிற்க, வங்கியில் ரூ.16 லட்சம் தூங்குவது எந்தக் குழுவையும் உறுத்தும். எடுத்துச் செலவிட்டால் அது அந்த ஆண்டின் அறச்செலவாகக் கணக்கில் ஏறாது. ஐந்தாண்டுக்குள் திரும்ப வைத்தால், வைத்த ஆண்டில்தான் ஏறும். கொடையாளர்களின் கடிதத்தையும் மீறியதாகும். அதனால் ஆறு மாதச் செலவுக்கு ஈடான அவசர நிதியை மூலநிதிக்கு முன்பே சேர்த்து, சேமிப்புக் கணக்கில் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வைப்புச் சான்றுகளை முறிப்பதற்கு மூவர் கையெழுத்து வேண்டும் என்றும், அவர்களில் ஒருவர் இணைக்கொடையாளர் நியமித்தவராக இருக்க வேண்டும் என்றும் எங்கள் குழு தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை நான்கு வங்கிகளுக்கும் கொடுத்திருக்கிறது. ஃபெஞ்சலுக்கு மறுவாரம் அந்தத் தீர்மானத்தை இரண்டு முறை எடுத்துப் படித்தோம். பிறகு அவசர நிதியிலிருந்து ரூ.40,000 எடுத்துப் பாய், நோட்டு, சீருடை வாங்கிக் கொடுத்தோம்.